நீண்டுபோன அலகு

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, ஊசி என்றால் பயம். ஒருமுறை தெருநாய் கடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, மருந்தை ஊசியில் ஏற்றுவதைப் பார்த்ததுமே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். அப்படிப்பட்டவர் ஒரு காதுகுத்து விருந்தில், சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று, வருகிற ஆடிக்கிருத்திகைக்குத் தான் அலகு குத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னார். பந்தியில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

சொன்னது தன் மாமனாரிடம். அத்தையின் அப்பா ஆற்காட்டுக்காரர், லாரி ஓட்டி ஓய்ந்தவர். வருஷம் தவறாமல் இரண்டு கன்னத்தையும் துளைத்து அலகு தாங்கி, ஊருக்குப் பக்கத்திலுள்ள முருகன் மலையில் ஏறுவார். சுண்டுவிரல் தடிமனில் முழ நீள இரும்புக்கம்பி அது. அந்த வருஷம் அவருக்கு மூட்டு போய்விட்டது. “இதோட நின்னுடும்போல இருக்குது” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னதற்குத்தான் மாமா எழுந்து நின்றது. பந்தியின் மறுகோடியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அத்தை அப்போது சில மாதங்களாக ஆற்காட்டில் அப்பா வீட்டில்தான் இருந்தார். அப்பாவுக்குக் கால் சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது, நம்பினேன். ஆம்பூரில் எங்களோடு இருந்த மாமா லீவு நாளில் ஆற்காட்டுக்குப் போவதும், பொழுது சாய்வதற்குள் தனியாகத் திரும்பி வருவதும், வந்ததும் சாப்பிடாமல் படுத்துக்கொள்வதும் எனக்குத் தெரியும். பஸ்ஸில் போய்வந்த அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

மாமனார் கம்பியை மஞ்சள் துணியில் சுற்றி முன்கூட்டியே கொடுத்துவிட்டார். விரதம் முடியும்வரை வீட்டில் வைத்து விளக்கேற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். மாமா விளக்கேற்றினார். ஏற்றும்போதெல்லாம் கம்பியைப் பார்த்தார். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

மாமாவுக்கு வேலை ஆம்பூருக்கு வெளியே கம்பி இழுக்கும் கம்பெனியில். தடித்த கம்பியை இழுத்து இழுத்து மெல்லியதாக்குவார்கள். ஷூவுக்கான ஆணிக்கும், பெல்ட் பக்கிளின் முள்ளுக்கும் அந்தக் கம்பிதான் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் ஓவர்டைம். என்னைத் தனியாக விட முடியாமல் மாமாவோடு அனுப்பினார். மஞ்சள் துணிச் சுருளும் எங்களோடு வந்தது.

உள்ளே நீளமான இரும்பு மேடை ஒன்று. அதன் ஒரு கோடியில் நடுவில் துளையிட்ட கெட்டியான வட்டு. அதை டை என்றார்கள். கம்பியின் நுனியை மட்டும் தேய்த்துச் சிறிதாக்கி, துளைக்குள் நுழைத்து, மறுபக்கம் வந்த நுனியை ஓர் இரும்புக் கிடுக்கி கவ்விக்கொள்ளும். கிடுக்கியைச் சங்கிலி இழுக்கும். கம்பியைவிடத் துளை சிறியது. ஆனாலும் கம்பி அதற்குள் நுழைந்து, இளைத்து, மறுபக்கம் பளபளவென்று வரும். வழுக்கிப் போவதற்குச் சோப்புத்தூள் போடுவார்கள். அந்த இடம் முழுக்க, யாரோ துணி துவைத்து இரும்பைக் காயப்போட்டதுபோல் ஒரு வாசனை.

மாமாவோடு வேலை பார்த்த பாய் ஒருவர் இருந்தார், மாமாவுக்கு நல்ல தோஸ்த். துணியைப் பிரித்துப் பார்த்தவர் தலையில் கைவைத்தார்.

“இது சாமி சமாச்சாரம் இல்லியா? இதப் போய் டைல வுடச் சொல்றியே!”

“வுட்டாத்தான் நான் பொழைப்பேன். இந்தத் தடிமன் கன்னத்துல போனா என் உசுரு போய்டும்.”

“தடிமன் கம்மியானா நீளம் ஜாஸ்தி ஆவும், தெரியுமில்ல?”

“ஆவட்டும். நீளமா குத்தும்? தடிமன்தான குத்தும்.”

“அப்ப மிச்சத்த வெட்டிடலாம்.”

மாமா அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “சாமிக்குன்னு வச்சத வெட்டக் கூடாது. இழுத்தா ஒண்ணும் குறையாது. இருந்த இரும்பு அப்டியேதான இருக்குது?”

இதில் எது பாவம் எது பாவமில்லை என்று பாய்க்கும் தெரியவில்லை. மிஷினை ஓடவிட்டார்கள். சங்கிலி கடகடத்தது. முதல் துளையிலிருந்து வந்த கம்பியைத் தொடப் போன என் கையை மாமா தட்டிவிட்டார், அவ்வளவு சூடு. அடுத்தது அதைவிடச் சிறிய துளை. இழுக்க இழுக்க இரும்பு முறுக்கிக்கொண்டு கெட்டிப்பட்டுவிடும், அப்படியே மேலும் இழுத்தால் அறுந்துவிடும் என்று சொல்லி, நடுவில் அதை உலையில் பழுக்கவைத்து, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டார்கள். மறுபடி இழுத்தார்கள். கடைசியாக இழுத்ததை மட்டும் உலைக்குக் கொண்டுபோகவில்லை. அந்தக் கெட்டி இருந்தால்தான் தொய்யாமல் நிற்குமாம்.

வேலை முடிந்தபோது கம்பி பென்சிலைவிட மெலிந்திருந்தது. நிறுத்திப் பார்த்தார்கள், மாமாவின் தோளைத் தொட்டது. மாமாவின் முகத்தில் சந்தோஷமும் திகிலும் ஒன்றாக வந்தன. நுனியில் செருகும் பித்தளை வேல் இப்போது தொளதொளவென்று ஆடியது. நூலைச் சுற்றி இறுக்கினார்.

“வீட்ல யாராண்டயும் சொல்லாத, இன்னா?” என்றார் என்னிடம். நான் சொல்லவில்லை. மஞ்சள் துணிதான் பத்தவில்லை. அம்மாவின் பழைய புடவையைக் கிழித்துச் சுற்றினோம்.

கிருத்திகையன்று மலையடிவாரத்தில் காவடிகளும் மேளமுமாக நிற்க இடமில்லை. மாமா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றார். அத்தை மஞ்சள் புடவையில் ஒரு சொம்புப் பாலோடு வந்திருந்தார். வேண்டுதல் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அவர் பால்குடம் எடுத்ததாக அம்மா சொன்னார். மாமாவோடு அவர் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை.

மாமனார் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். துணியைப் பிரித்தார். பிரித்துக்கொண்டே போனார். கம்பி முழுதாக வெளியே வந்ததும் அதை இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, வளந்துருக்குது?”

“கம்பெனில பாலீஷ் போட்டேன் மாமா.”

“பாலீஷ் போட்டா நீளுமா?”

மாமா வானத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பெரியவர் வேறெதுவும் கேட்காமல் கம்பியில் விபூதி தடவி, அலகு குத்துபவரிடம் நீட்டினார். அரோகரா சத்தத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மாமா சாயவில்லை; கண்களை மட்டும் இறுக்க மூடியிருந்தார். இத்தனை நீள அலகைப் பார்த்ததே இல்லை என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். சிலர் மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

சிக்கல் முதல் படியிலேயே வந்தது. முழக்கம்பி என்றால் தாங்குபவரே இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளலாம். இது இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, மாமா மூச்சு விட்டாலே ஆடியது. காவடி ஒன்று உரசிப்போனதில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேசவும் முடியாது. கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

அத்தை பால்சொம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனைக்கு இரண்டு மூன்று பேர் வந்தார்கள்.

“தள்ளுங்கடா. என் கம்பி அது” என்று பெரியவர் கல்லிலிருந்து எழுந்தார்.

“நீ இன்னாத்துக்குப்பா? உன் கால் இருக்குற இருப்புக்கு” என்றார் அத்தை.

“நடடீ.”

அப்படித்தான் மூன்று பேரும் ஒரே கம்பியில் கோத்ததுபோல் மலையேறினார்கள். நானும் அம்மாவும் பின்னால் போனோம். பெரியவர் தடுமாறினால் மாமாவின் கன்னம் கிழிந்துவிடும் என்பது எனக்கே புரிந்தது. அதனால் அவர் ஒரு படி ஏறும்வரை மாமா காத்திருந்தார். மாமா ஏறும்வரை அத்தை காத்திருந்தார். கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிய வேண்டுமே, அத்தை மாமாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாதி மலையில் பெரியவரின் மூட்டு மடங்கிவிட்டது. முனை சரேலென்று கீழே இறங்கியது. “ஐயோ!” என்று கத்தினார் அத்தை. மாமா பின்வாங்கவில்லை. மாமனார் குனிந்த அளவுக்குத் தானும் குனிந்து, ஒரு கையை நீட்டி அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். கன்னத்திலிருந்து ஒரு கோடு ரத்தம் தாடைவரை இறங்கியது. அத்தை முந்தானையால் அதை ஒற்றினார். ஒற்றிய கை உடனே திரும்பிவிடவில்லை.

“உட்ருப்பா, வேற ஆள் பிடிக்கட்டும்” என்றார் அத்தை அழுதுகொண்டே.

பெரியவர் விடவில்லை. மிச்ச மலையையும் மாமா அவரை அணைத்தபடியே ஏறினார். உச்சிக்குப் போனபோது மேளக்காரர்களே சோர்ந்திருந்தார்கள்.

சந்நிதியில் அலகை உருவி, துளைகளில் விபூதியை அப்பினார்கள். மாமா வாயைத் திறந்து மூடிப் பார்த்தார்.

“கால் வலிக்குதா மாமா?” என்று கேட்டார்.

பெரியவர் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “அடுத்த வருசம் இன்னும் இழுத்துடாதீங்க மாப்ள. இந்த மலை பத்தாது.”

இழுத்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் திகைத்தேன். நான் சொல்லவில்லையே என்று மாமாவைப் பார்த்துக் கையசைத்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை, அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் பெரியவரை ஷேர் ஆட்டோவில் உட்காரவைத்தோம். பிறகு எங்கள் பஸ் வந்தது. நான் ஓடிப்போய் மாமாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். எங்களுக்குப் பின்னால் அத்தையும் ஏறினார். கையில் காலிச் சொம்பு தவிர ஒரு பைகூட இல்லை.

“அத்தே, இது ஆம்பூர் பஸ்ஸு. உங்க ஆட்டோ அங்க நிக்குது” என்றேன்.

“தெரியும். நகரு” என்றார் அத்தை.

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பின்சீட்டில் உட்காரவைத்தார். “அவங்க தப்பான பஸ்ஸுல ஏறிட்டாங்கம்மா” என்று நான் இன்னொரு முறை சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினார். பெரியவரின் ஆட்டோவும் கிளம்பிப் போய்விட்டது. வழிதவறி ஏறிவிட்ட அத்தையை யாருமே இறக்கிவிடவில்லையே என்ற கவலையோடு, வேலூர் தாண்டும்வரை நான் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.