அன்ரியின் வோட்டும் அம்மாவின் வோட்டும்

நாங்கள் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். சுவரில் பூஞ்சணம் பிடித்திருந்த அந்த அறையிலிருந்து வெளியேற, கவுன்சிலில் வீடு கேட்டுப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். அப்பா டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றார். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் மதியத்துக்குப் பிறகு வேலை. பள்ளிக்கூடம் விட்டால் என்னை யார் பார்ப்பது என்று அம்மா தவித்துக்கொண்டிருந்தபோது, அதே இல்லத்தில் காலை ஷிப்ட் செய்த பக்கத்து வீட்டு அன்ரி, பிள்ளை என்னோடு இருக்கட்டும் என்று தானாகவே வந்து சொன்னார்.

அன்ரியும் அங்கிளும் கானாவிலிருந்து வந்து வெகுகாலம் ஆனவர்கள். அங்கிள் பஸ் ஓட்டினார். அன்ரி தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசைக் குரல். அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டதால், வீட்டில் செல்லம் கொஞ்ச ஆள் இல்லாத குறையை நான் தாராளமாகத் தீர்த்துவைத்தேன். அவர்கள் என்னோடும் என் முன்னாலும் பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனாலும் இத்தனை வருடத்துக்குப் பிறகு, அந்தக் குரல்கள் எனக்குள் அம்மாவின் தமிழிலேயே கேட்கின்றன.

எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் வட்டாரத்துக்குக் கவுன்சில் இடைத்தேர்தல் வந்தது. அங்கிளின் சித்தப்பா மகன் அதில் நின்றார். எப்போதும் கோட்டு அணிந்து, எல்லோருக்கும் கை கொடுக்கும் சிரித்த முகக்காரர். அந்தத் தேவாலயத்திலிருந்து ஒருவர் தேர்தலில் நிற்பது அதுவே முதல்தடவை; எதிர்த்து நின்றவர் ஒரு வெள்ளைக்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவருக்காக எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்ரியும் தட்டினார்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். அன்ரி தக்காளிச் சோறும் கோழியும் பொரித்த வாழைப்பழமும் செய்திருந்தார். அம்மாவுக்கு ஞாயிறு ஷிப்ட் என்பதால் நானும் மேசையில் இருந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே தன் கட்சி செய்யப்போவதையெல்லாம் விளக்கினார். தெருவெல்லாம் சுத்தமாகும், கடைகள் பெருகும் என்றார். பிறகு கவுன்சில் வீடுகள் பற்றிச் சொன்னார். கனகாலம் இங்கே இருந்து வரி கட்டினவர்களுக்குத்தான் முதலில் வீடு, நேற்று வந்தவர்கள் பின்னால் போய் நிற்கவேண்டும் என்றார்.

அன்ரி கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீயும் நேற்று வந்தவன்தானே தம்பி? நீ வந்து நிண்டது இந்த வீட்டிலதான்."

அவர் சிரித்துச் சமாளித்தார். அது வேறு காலம், இப்போது இடம் போதாது என்றார். அன்ரி என்னைப் பார்த்தார். இன்னும் இரண்டு துண்டு வாழைப்பழம் என் தட்டில் வைத்தார். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்பதற்கான பரிசாக அதை எடுத்துக்கொண்டேன்.

"நான் உனக்கு வோட்டுப் போடமாட்டன். பின்னால கதைக்கிறதை விட முன்னால சொல்லுறது நல்லம். இந்தா, கோழி எடு."

அவர் கோழியை எடுத்தார். வேறு என்ன செய்வார்?

அவர் போனபிறகுதான் சண்டை. அங்கிள் சத்தம்போட்டு நான் கேட்டது அந்த ஒருதடவைதான்.

"எங்கட நிறத்தில ஒருத்தன் முதல்முதல் நிக்கிறான். சொந்த வீட்டிலயே அவனுக்கு வோட்டு இல்லையெண்டா, வெளியில எந்த முகத்தோட போய்க் கேக்கிறது?"

"அவன்ர நிறம்தான் எனக்கும். அதுக்காக அவன்ர கட்சி சொல்லுறதுக்கெல்லாம் தலையாட்ட ஏலாது."

அதன்பிறகு இருவரும் நேராகப் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் என் வழியாகவே நடந்தது. சூப் ஆறுகிறது என்று அங்கிளிடம் சொல், பஸ் திறப்பை எங்கே வைத்தாள் என்று அன்ரியிடம் கேள். பஸ் திறப்பு என்று அவர் சொன்னது பஸ் நிறுத்தி வைக்கும் இடத்தில் இருந்த அலுமாரியின் சாவி. நானோ அவர் பஸ்ஸையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று சன்னலால் எட்டிப் பார்த்தேன். இதையெல்லாம் விளையாட்டென்று நினைத்து உற்சாகமாக ஓடினேன். தேநீரில் சீனி போதாது என்று அங்கிள் சொன்னதை, தேநீர் நல்லாயிருக்காம் என்று மாற்றிச் சொன்னேன். அன்ரியின் வாயோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

தேவாலயத்தில் நிலைமை விளையாட்டாக இருக்கவில்லை. செய்தி எப்படியோ பரவிவிட்டது. பாடகர் குழுப் பெண்கள் அன்ரியின் பக்கத்தில் ஓர் இடம் விட்டு நின்றார்கள். அடுத்த ஞாயிறு வெளியே வரும்போது, தலையில் பெரிய நீலத்துணி கட்டிய ஒரு பெண் அன்ரிக்குக் கேட்கும்படி, சிலர் வெள்ளைக்காரருக்கு விலைபோய்விட்டார்கள் என்றார். அன்ரி என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இறுகியது.

முன்னால் போய்க்கொண்டிருந்த அங்கிள் திரும்பி வந்தார்.

"என்ர மனுசி பிழையா யோசிக்கலாம். அதை நான் வீட்டில சண்டை பிடிச்சுக் கேப்பன். ஆனா அவள் விலைபோறவள் இல்லை."

நீலத்துணிக்காரி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு போனார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. ஆனால் அன்று சாப்பாட்டு மேசையில் அன்ரி, இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று அங்கிளிடமே நேராகக் கேட்டார். என் வேலை போய்விட்டதில் எனக்குச் சற்று வருத்தம்.

வாக்குச்சாவடி எங்கள் பள்ளிக்கூடத்தில் என்பதால் தேர்தலன்று எனக்கு விடுமுறை. பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாவிட்டாலும் கவுன்சில் தேர்தலில் அம்மாவுக்கும் வோட்டு இருந்தது. அம்மாவும் அன்ரியும் நானுமாக நடந்துபோனோம். அங்கிள் வாசலில் தம்பியின் கட்சி ரிபன் குத்திக்கொண்டு நின்றார். அன்ரி அவருடைய கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டு, குளிருகிறது, பொத்தானைப் பூட்டுங்கள் என்று சொல்லி உள்ளே போனார்.

அம்மாவுக்கு அப்போது ஜெர்மன் வந்த அளவுக்கு ஆங்கிலம் வராது. என்னையும் மறைப்புக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர்களை மெதுவாக வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன்.

"இதிலை அங்கிளின்ர தம்பி ஆர்?"

காட்டினேன். அம்மா அதற்கு நேரே, கோவில் அர்ச்சனைத் துண்டில் பெயர் எழுதும் கவனத்தோடு, புள்ளடி போட்டார்.

"எங்கட பிள்ளையை இவ்வளவு பார்க்கிற சனம். இதைக்கூடச் செய்யாட்டி எப்படி?" என்று என் காதுக்குள் சொன்னார்.

வெளியே வந்ததும் அன்ரி என் ஒரு கையையும் அம்மா மறு கையையும் பிடித்துக்கொண்டார்கள். யாருக்குப் போட்டாய் என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. எனக்குப் பசித்தது. மூவருமாக மூலைக்கடையில் சிப்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.

அங்கிளின் தம்பி வென்றார். அன்ரி கேக் செய்து அனுப்பினார். அடுத்த வாரமே அம்மாவையும் அழைத்துக்கொண்டு, அவர் மக்களைச் சந்திக்கும் நூலக அறைக்குப் போனார். நானும் போனேன். "நான் உனக்குப் போடேல்லை, ஆனா நீ எனக்கும் கவுன்சிலர்தான். இவையின்ர அறையை வந்து பார்" என்று, அம்மாவுக்குப் பிடிபடாத வேகமான ஆங்கிலத்தில் சொன்னார். கவுன்சிலர் சிரித்தார். ஆனால் வந்தார். கோட்டோடு எங்கள் மாடிப்படி ஏறி, பூஞ்சணத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, இதில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று கேட்டார். அதன்பிறகு கவுன்சிலிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வீடு கிடைக்க மேலும் காலம் எடுத்தது. கிடைத்தது.

நான் வளர்ந்து, எனக்கென்று ஒரு வாக்குச்சீட்டைக் கையில் வாங்கிய அன்றுதான் அந்த நாள் முழுதாக விளங்கியது. அன்ரி தன் வீட்டையும் தேவாலயத்தையும் பகைத்து, தம்பிக்கு எதிராகப் போட்ட வோட்டு எங்களுக்காக. அம்மா போட்ட வோட்டு அன்ரியின் வீட்டுக்காக. ஒன்று மற்றதை அழித்துவிட்டது. இருவருமே இதை ஒருநாளும் அறியவில்லை. அறிந்திருக்கக்கூடிய ஒரே ஆள், நடுவில் நடந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் சிப்ஸ் ஊட்டப்பட்டு, ஊரில் எல்லோருக்கும் இப்படித்தான் இரண்டு கையும் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.