பொட்டு வைத்த டம்ளர்கள்

முட்டுக்காட்டில் கடலைப் பார்த்து நின்ற அந்தப் பங்களாவுக்கு அதன் சொந்தக்காரர்கள் சனி, ஞாயிறுகளில் மட்டும்தான் வருவார்கள். மற்ற ஐந்து நாளும் அது எங்களுடையது என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அப்பா தோட்டத்தையும் கேட்டையும் பார்த்துக்கொண்டார். அம்மா சமையலையும் வீட்டையும் பார்த்துக்கொண்டாள். அவர்கள் இரண்டு பேரும் கவனிக்காத நேரத்தில் நான் கூடத்து சோபாவைப் பார்த்துக்கொண்டேன். எங்களுக்கென்று பின்பக்கத்தில், மோட்டார் ரூமை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை இருந்தது.

அந்த அறை எந்த நிமிஷமும் கைவிட்டுப் போகலாம் என்பது எனக்குத் தெரியும். எங்களுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் கூடத்து ஊஞ்சலில் கால் நீட்டிப் படுத்திருந்ததை மேடம் பார்த்துவிட்டார். அன்று மதியமே அந்தக் குடும்பம் மூட்டை கட்டியது. அப்பா இந்தக் கதையை மாதம் ஒரு முறையாவது எனக்குச் சொல்லுவார். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஊரில் இருந்த வீட்டுப் பங்கைப் பெரியப்பாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்தவர் அவர். திரும்பிப் போக எங்களுக்கு இடம் கிடையாது. ஊஞ்சலைத் தாண்டும்போது, நாய் படுத்திருக்கும் இடத்தைத் தாண்டுவதுபோல அவர் சற்று விலகியே நடப்பார்.

மேடம் கெட்டவர் இல்லை. பழைய துணிகளைத் துவைத்துத் தேய்த்துதான் கொடுப்பார். எனக்கு ஜுரம் வந்தால் மாத்திரை தருவார், தூரத்தில் நின்றுகொண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்று, விருந்துக்கு மட்டும் எடுக்கும் இரண்டு டஜன் எவர்சில்வர் டம்ளர்களிலிருந்து மூன்றை எங்களுக்கென்று ஒதுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தார். எங்களுடையதும் அவர்களுடையதும் கலந்துவிடக் கூடாது. வரும் விருந்தாளிகள் கண்ணிலும் அது படக் கூடாது. அதனால்தான் அடியில் வைத்தது. இதெல்லாம் இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு நான் நினைத்தது வேறு. அத்தனை டம்ளர்களில் எங்களுடையதை மட்டும் மேடம் உட்கார்ந்து அலங்கரித்திருக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை.

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது மேடத்தின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மெட்ராஸில் அத்தனை பெரிய வீடு இருந்தும், இந்தப் பங்களாவையும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு முறை பார்த்துவிடட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பகலில் இங்கேயே ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம், நல்ல வசதி. மேடம் வெள்ளிக்கிழமையே வந்து இறங்கி, வீட்டைத் துடைத்த அம்மாவின் பின்னாலேயே விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஞாயிறு காலையில் அம்மா எல்லா டம்ளர்களையும் புளி போட்டுத் துலக்கி, பின்பக்கத்து வெயிலில் கவிழ்த்துவிட்டு, காய்ந்ததும் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தாள். எங்கள் மூன்றும் கூடவே இருந்தன. வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தவற்றில் மூன்றுக்கு மட்டும் பொட்டு இருந்தது. மற்றவையெல்லாம் வெறும் நெற்றியோடு இருந்தன. வீட்டில் அத்தனை பேரும் அலங்கரித்துக்கொண்டு நிற்கும் நாளில் எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. மேடத்தின் மகள், அந்த அக்கா, எனக்குத் தூக்கிக் கொடுத்திருந்த பாதிச் சிவப்பு நகப்பூச்சுப் புட்டி பத்திரமாக இருந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் வைத்தேன். வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் நிமிர்த்தித் தட்டில் அடுக்கி, நல்ல பிள்ளையாக உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அடுப்பில் மூன்று வேலையை ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வந்தவர்களுக்கு முதலில் மோர் கொடுத்தார்கள். அவர்கள் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கிற குடும்பம் இல்லை என்பதை யாரும் யோசித்திருக்க முடியாது. மாப்பிள்ளையின் அப்பா டம்ளரை உயரத் தூக்கி அண்ணாந்தார். எதிரில் உட்கார்ந்திருந்த மேடத்துக்கு நேராக ஒரு சிவப்புப் பொட்டு. பக்கத்தில் மாப்பிள்ளை அண்ணாந்தார். இன்னொரு பொட்டு. பிறகு மாப்பிள்ளையின் சித்தப்பா. அடுக்களைக் கதவோரம் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, நான் வைத்த பொட்டுகள் வரிசையாக மேலே எழும்பியதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா என்னைக் குனிந்து பார்த்தாள்.

“இன்னாடி பண்ணி வச்சிகீற?” என்றாள், உதடு அசையாமல். பின்வாசலில் நின்ற அப்பாவும் எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி அவரைக் காணோம்.

மாப்பிள்ளையின் அம்மா தன் டம்ளரைத் திருப்பி அடியைப் பார்த்தார். “இதென்னங்க செவப்பா? எங்க ஊட்டுல வேலைக்காரங்க டம்ளருக்குத்தான் இப்படி வெப்போம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டம்ளரைக் கீழே வைத்துக் கொஞ்சம் தள்ளியும் வைத்தார். மேடம் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். மேடத்தின் கணவரான சார் மின்விசிறியை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மோர்ச் சொம்போடு நேராகக் கூடத்துக்குள் போனாள். முந்தானை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று.

“அது நான் வெச்சதுங்கம்மா. பாப்பாவுக்கு நல்ல காரியம் நடக்கப் போவுது, பாத்திரத்த வெறுமனே எடுத்து வெக்காத, பொட்டு வெய்யின்னு மேடம்தான் சொன்னாங்க. குங்குமம் வெச்சா ஈரத்துல போயிடும், அதான் இத்த வெச்சேன். மேல வெச்சா வாயில படுமேன்னு அடியில வெச்சேன்.”

மாப்பிள்ளையின் அம்மா உடனே நம்பிவிடவில்லை. தட்டில் மிச்சமிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. ஒன்றே ஒன்றை நான் விட்டிருந்தாலும் எங்கள் கதை முடிந்திருக்கும். “எல்லாத்துக்குமே வெச்சிருக்கீங்க! இந்தக் காலத்துல யாருங்க இதெல்லாம் பாக்கறாங்க?” என்று மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு டம்ளர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். அன்றே தட்டு மாற்றத் தேதி பார்க்கலாம் என்று பேச்சு வந்துவிட்டது.

கார்கள் கிளம்பிப் போன பிறகு மேடம் அடுக்களைக்கு வந்தார். டம்ளர்களைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார். “இதுல உங்களுது எது?” என்றார்.

“தெர்லீங்க மேடம்” என்றாள் அம்மா.

மேடம் என்னைப் பார்த்தார். நான் பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்தேன். என்னைத் திட்டவும் முடியவில்லை, அம்மாவுக்கு நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை வறண்டிருக்க வேண்டும். ஒரு டம்ளரை எடுத்தார், அடியைப் பார்த்தார், திரும்ப வைத்தார். குழாயைத் திறந்து, பட்டுப்புடவை நனைய, இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் குடித்தார். “இனிமே பார்த்துச் செய்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். எங்களைப் போகச் சொல்லவில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் அப்பா பாயைச் சுருட்டி, அரிசி டின்னைக் கயிறு போட்டுக் கட்டி, என் புத்தகப்பையை மேலே வைத்துக்கொண்டிருந்தார். “மூட்டைய அவுத்துப் போடுய்யா, நீ வேற” என்று அம்மா சொன்னதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கயிற்றை இறுக்கிப் போட்டிருந்ததால் அவிழ்க்க ரொம்ப நேரம் ஆயிற்று. எனக்கு முதுகில் இரண்டு விழுந்தன, நகப்பூச்சை வீணாக்கியதற்காக என்று எடுத்துக்கொண்டேன். கோவளத்துப் பள்ளிக்கூடத்துக்கு மறுநாளும் போகலாம் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பழைய டம்ளர்கள் காரில் ஏறி எங்கேயோ போயின. பங்களாவுக்குக் கண்ணாடி டம்ளர்கள் வந்தன. எங்களுக்கு மூன்று பச்சை பிளாஸ்டிக் டம்ளர்கள். இனி யார் எந்தப் பொட்டு வைத்தாலும் ஒன்றும் கலக்காது. நான் என்னுடையதைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப்போய்க் காட்டினேன். அம்மா தன்னுடையதைத் தொடவில்லை. வேலைக்கு நடுவே தாகமெடுத்தால் தோட்டத்தைச் சுற்றி எங்கள் அறைக்கு வந்து, எங்கள் செம்பில் குடித்துவிட்டுப் போவாள். அம்மாவுக்குப் பச்சை நிறம் பிடிக்காது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அந்த முடிவை நான் பல வருஷம் வைத்திருந்தேன். முதல் சம்பளம் வாங்கியதும் அம்மாவுக்குப் புடவை எடுக்கச் செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உட்காரும்போதே கடைக்காரரிடம், பச்சை மட்டும் வேண்டாம், அம்மாவுக்குப் பிடிக்காது என்றேன்.

அம்மா என்னை வினோதமாகப் பார்த்தாள். “யாரு சொன்னது? என் கல்யாணப் பொடவையே பச்சதாண்டி” என்றாள்.