மதகு திறந்த மார்கழி

பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். எழுத வந்ததற்குப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊரில் ஏரி மதகைத் திறப்பதைக் கோயில் வாசலில் கூடித்தான் முடிவு செய்வார்கள். வேண்டாம் என்பவர் எழுந்து நிற்க வேண்டும். ஒருவர் நின்றாலும் திறக்க மாட்டார்கள்.

அந்த மார்கழியில், ஏரியை ஒட்டி பிளாட் வாங்கி வீடு கட்டியவர்கள், வாசலில் தண்ணீர் நிற்கிறது, ஏரியை வடிய விடுங்கள் என்றார்கள். அந்த வருஷம் பயிர் வைத்தது நாங்கள் மட்டுமே. கதிர் பால் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு முறை தண்ணீர் பாய வேண்டும்; ஏரி வடிந்துவிட்டால் அதற்குத் தண்ணீர் இருக்காது. கணவர் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்டில் இருந்ததால் கூட்டத்துக்கு நான் போனேன்.

"ஒரு கழனிக்கு ஒரு ஏரி கேக்குதா அண்ணி? மீதிய நீயே குடிச்சிக்கினு இருப்பியா?" என்றார், நிலத்தை விற்றுவிட்ட பங்காளி ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"யாருனா வேணான்றீங்களா?" என்று ஊர்த் தலைவர் மூன்று முறை கேட்டார். எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்று உட்கார்ந்தே இருந்தேன். அவர்கள் சிரித்ததை மறந்துவிட்டேன். நான் சிரித்தது இன்னும் கசக்கிறது.

மறுநாள் காலை மதகைத் திறந்தார்கள். கணவர் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கினார். மதகைத் திறந்ததையும், நான் எழுந்து நிற்காததையும் சாயங்காலம்தான் அவரிடம் சொன்னேன்.