மிதிக்காத சைக்கிளின் சத்தம்

நீ என்னை ஜெயிக்க விட்டாய். இத்தனை வருடமாக அதை மறைத்தும் வருகிறாய்.

சாலைக் கடைத்தெருவில் அப்பாவின் சைக்கிள் ரிப்பேர் கடையில் வளர்ந்தவன் நான். ஃப்ரீவீல் சத்தம் எனக்குத் தெரியாதா? மிதித்துக்கொண்டே இருக்கும்வரை பின்சக்கரம் பேசாது. காலை நிறுத்தினால் கிரிகிரியென்று இரையும்.

நாம் இருவரும் ஒன்றாகப் பந்தயம் ஓட்டிய தொண்ணூறுகளில்தான், தம்பானூரில் பஸ் சக்கரம் ஏறி என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. இரண்டு வருடம் கழித்து, செயற்கைக் காலைப் பழைய டியூபால் பெடலோடு கட்டிக்கொண்டு, சங்குமுகம் ரோட்டில் நம் கிளப் நடத்திய பந்தயத்துக்கு வந்தேன். மொத்தம் ஆறு பேர். நான்கு பேரை நானே முந்தினேன், அதில் சந்தேகமில்லை. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் உன் பக்கத்தில் வந்தேன். அப்போதுதான் உன் சக்கரம் இரைந்தது.

கேட்டும் இரண்டு கையையும் தூக்கினேன். அதற்குத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

நீ மூச்சிரைக்க வந்து என் தோளைப் பிடித்தாய். "அளியா, ஒத்தக்கால வச்சு என்னைத் தோப்பிச்சுட்டியேடா!"

"ரெண்டு கால வச்சிட்டு நீ என்னடா செய்யப் போறே? ஒண்ண எனக்குத் தா."

"எடுத்துக்கோடா. நாத்தம் சகிச்சா போதும்."

சிரித்தோம். அந்த நிமிடமே உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் வெற்றி போய்விடும் என்று பயம்.

பாராலிம்பிக்குக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் பந்தயத்துக்கான விண்ணப்பத்தில் அந்த முதலிடத்தைத்தான் எழுதினேன். கூப்பிட்டார்கள். இன்னும் ஒரு வருடம் பழகிவிட்டுப் போயிருக்கலாம். நான்தான் இரண்டு கால்காரனையே ஜெயித்தவன் ஆயிற்றே! அங்கே என்னைப்போல ஒற்றைக் கால்காரர்கள் வரிசையாக என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு சக்கரமும் எனக்காக இரையவில்லை. கடைசியாக வந்தேன். பிறகு யாரும் கூப்பிடவில்லை. அதன் பிறகு நான் பந்தயத்துக்குப் போகவில்லை, உன் வீட்டுக்கும் வரவில்லை. காரணம் என்னவென்று நீயும் கேட்கவில்லை.

ஆனால் கிளப் ஆண்டுவிழாவில் வருடம் தவறாமல் மைக்கைப் பிடித்து, நான் ஒற்றைக் காலால் உன்னை ஜெயித்த கதையைச் சொல்கிறாய். ஜனம் கை தட்டுகிறது. ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்கிறேன்: நீ களைத்துப்போய் மிதிப்பதை நிறுத்தியிருக்கலாம். அப்படியென்றால் அந்த ஒரு வெற்றியாவது என்னுடையது. எனக்கு அது தெரிய வேண்டும்.

இந்த வருட நோட்டீஸிலும் உன் பெயர் இருக்கிறது. நான் முன்வரிசையில் உட்காருவேன். உன்னால் முடியாமல் நிறுத்தினாயா, என்மேல் பாவப்பட்டு நிறுத்தினாயா? தனியாக வந்து என் காதில் சொல்லாதே. அந்த மைக்கிலேயே சொல்.