பெஞ்சமின் அனுப்பிய சீட்டு

ராஜாராம் இன்னிசைக் குழுவை ஜெசிந்தா பத்துப் பதினைந்து திருவிழாக்களில் பார்த்திருக்கிறாள். ஆனால் அவர்களுக்கெல்லாம் முகம் என்று ஒன்று இருப்பது, மாமல்லபுரத்து லாட்ஜ் ஒன்றில் டம்ளர் கழுவப் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. திருவிழாக் கூட்டத்தில் பெரும்பாலும் கடைசியில் நின்று பார்க்கிறவளுக்குப் பாடகி அம்சா கட்டைவிரல் உயரம்தான். அந்தக் கட்டைவிரல் இப்போது பத்தடி தூரத்தில் செருமிக்கொண்டு, சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

2004 ஜனவரி. நாட்டிய விழாவுக்கு வந்த கூட்டத்தால் ஊரே பிதுங்கியது. கடற்கரை லாட்ஜ்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு தங்கள் பாரில் பாட்டு வைத்தார்கள். மாலை நாலு மணிக்குத் தொடங்கி, நாட்டிய மேடையில் விளக்குப் போடுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஐயாயிரம் பேர் முன்னால் பாடிய குழு இருபது பேர் முன்னால் பாடியது. அதில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள். மீதிப் பேர் கவனம் வறுத்த முந்திரியில்.

பாருக்குள் பெண் வேலையாட்கள் வரக்கூடாது என்பது மேற்பார்வையாளர் கேசவனின் சட்டம். வெள்ளைக்காரப் பெண்கள் உள்ளே உட்கார்ந்து குடிக்கலாம். அவர்கள் குடித்த டம்ளரைக் கழுவுகிறவள் எட்டிப் பார்க்கக்கூடாது! ஆனால் கழுவும் அறைக்கு டம்ளர் வருவதற்குச் சுவரில் ஒரு சிறு ஜன்னல் இருந்தது. ஜெசிந்தாவுக்கு அது போதும். தபேலாக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசிப்பார், ராஜாராம் ஆர்மோனியத்தின் மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் அதன் வழியாகத்தான் பார்த்தாள். பார்த்ததையெல்லாம் சொல்லத்தான் ஆள் இல்லை.

சொல்ல வேண்டிய ஆள் பெஞ்சமின். அவள் புருஷன், பெயின்டர். கல்யாணமான மறு வருஷம், செங்கல்பட்டு மாதா கோயில் திருவிழாவுக்கு இருவரும் இடம் பிடிக்க நாலு மணிக்கே போய்விட்டார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்து ராஜாராம் மைக் சோதித்துக்கொண்டிருந்தார். அதற்கென்று அவரே கட்டிய பாட்டு ஒன்று உண்டு: "உப்புக் காத்து." சினிமாப் பாட்டு அல்ல என்பதால் எந்த விழாக் கமிட்டியும் அதை மேடையில் பாட விட்டதில்லை. முன்னாலேயே வந்து உட்காருகிறவர்களுக்கு மட்டுமே அந்தப் பாட்டு தெரியும். பெஞ்சமின் அன்று வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து பிடித்தது பைத்தியம். குழு பாடும் ஊருக்கெல்லாம் போவான். நேயர் விருப்பச் சீட்டில் பேர், ஊர், பாட்டு எழுதி முன்வரிசைக்குக் கைமாற்றி அனுப்புவான். ஒரு தடவையும் மைக்கில் அவன் பேர் வந்ததில்லை. "ஒரே ஒரு தபா வந்துரட்டும் ஜெசி, அப்பால உன்னை இட்டுகினு அலைய மாட்டேன்" என்பான்.

1999இல் ஒரு நாள், நெல்லூர்ப் பக்கம் வேலைக்குக் கிளம்ப வேண்டியவன் மூட்டை கட்டாமல் திருப்போரூர் விழாவுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். அவளுக்கு எங்கிருந்து வந்ததோ கோபம், சீட்டைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டாள். "போய் அந்தப் பாட்டுக்காரங்களாண்டயே குடித்தனம் பண்ணு! வூட்டுப் பக்கம் வராத!" என்றாள். அவன் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மறுநாள் ரயிலேறினான். கூடப் போனவர்கள் இரண்டு மாதத்தில் திரும்பினார்கள். திரும்பும் வழியில் கூடூரில் டீ குடிக்க இறங்கினவன் மறுபடி வண்டி ஏறவில்லையாம்.

போலீஸ், ஆஸ்பத்திரி, குறி கேட்பது எல்லாம் ஆயிற்று. 2001இல், செத்திருப்பான் என்ற சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு அவன் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை வைத்தாள். கல்லறைத் திருநாளில், கல்லறை இல்லாதவனுக்காகக் கோயில் சுவரோரம் மெழுகுவத்தி ஏற்றினாள்.

நாட்டிய விழாவின் மூன்றாம் நாள். பாரில் கூட்டம் மந்தம். ராஜாராம் டப்பாவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மைக்கில் வாசித்தார்.

"இந்தப் பாட்டைக் கேட்டு எழுதியிருப்பவர் புதுப்பட்டினம் பெஞ்சமின். அதோ, மூலையில உக்காந்திருக்கார்! அவரோட மனைவி ஜெசிந்தாவுக்காக, உப்புக் காத்து!"

கையிலிருந்த டம்ளர் தொட்டிக்குள் விழுந்தது. ஜன்னல் வழியாக அந்த மூலை தெரியாது, தூண் மறைத்தது. சோப்பு நுரைக் கையோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். கேசவன் குறுக்கே வந்தார்.

"இன்னாம்மா, இங்க வந்துகினு? போ உள்ள!"

அவரைச் சுற்றிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போனாள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி. யாரும் இல்லை. அம்சா பாட ஆரம்பித்திருந்தாள். அந்தக் காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றாள். அவள் நின்ற நிலையைப் பார்த்து, சட்டம் பேசிய கேசவனே தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பாட்டு முடிந்து குழு கலைந்ததும் ராஜாராமிடம் போனாள். "அண்ணாத்த, அந்தாளு எங்க?"

ராஜாராம் நெளிந்தார். ஊர் ஊராய்ப் போகிற மனிதருக்குப் பொய் சொல்லிப் பழக்கம் உண்டு, மாட்டிக்கொண்டு பழக்கமில்லை. "ஆளு யாரும் இல்லம்மா. பழைய சீட்டு. என் சொந்தப் பாட்டைக் கேட்டு வர்ற சீட்டை மட்டும் நான் தூக்கிப் போடுறதில்ல. மேடையில பாட வுட மாட்டானுங்க. இந்த மாரி சின்ன எடத்துல, யாரும் ஒண்ணும் கேக்கலன்னா எடுத்துப் படிப்பேன். யாரோ கேட்டா மாரி இருந்தாத்தான் கள கட்டும்."

சீட்டை வாங்கிப் பார்த்தாள். போர்டில் எழுதுவதைப் போலக் கொழுத்த எழுத்துகள்; அவனுடையவைதான். பின்பக்கம் வேறு கையெழுத்தில், "செங்கல்பட்டு 2002" என்று இருந்தது.

"இது இன்னா?"

"சீட்டு வந்த ஊரும் வருசமும். வந்த ஊர்லயே திரும்பப் படிச்சா மாட்டிக்குவேன்ல."

"வருசம் தப்பா போட்டுக்கினீங்களா?"

"தப்பாதும்மா. அன்னிக்கன்னிக்கே போட்ருவேன்."

பூசை வைத்து ஒரு வருஷம் கழித்து அவன் செங்கல்பட்டில் நின்றிருக்கிறான். பஸ் ஏறினால் வீடு. ஊர் பேரும் அவள் பேரும் எழுதியவன் ஏன் வரவில்லை? செத்தவனுக்காக அழுது முடித்துவிடலாம். உயிரோடு இருந்துகொண்டு வராதவனை என்ன செய்வது? அவளுக்குக் கோபம் வந்தது. அதற்குப் பின்னாலேயே, வராதே என்று சொன்ன தன் குரலும் வந்தது.

"எப்புடி இருந்தான்? எளச்சிருந்தானா?"

"சீட்டு கை மாறி மாறி வரும்மா. மொகத்த நான் பாக்கவேயில்ல."

அவள் கேசவனிடம் பேனா வாங்கி, ஒரு பில் தாளின் பின்னால் எழுதி ராஜாராமிடம் கொடுத்தாள்: "ஜெசிந்தா, புதுப்பட்டினம். உப்புக் காத்து. பெஞ்சமினுக்காக. வீட்டுக்கு வரச் சொல்லவும்."

அந்த வருஷத்திலிருந்து அவள் மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. செங்கல்பட்டு மாதா கோயில் திருவிழாவன்று நாலு மணிக்கே மைதானத்துக்குப் போய்விடுவாள். மைக் சோதிக்கும்போது ராஜாராம் அவள் சீட்டைப் படித்துவிட்டுப் பாடுவார். அவள் மேடையைப் பார்த்தபடி, காலி நாற்காலிகளுக்கு முதுகு காட்டி நிற்பாள். வரிசை வரிசையாய்க் காலியாய்க் கிடக்கும் அவற்றைப் பார்க்க அவளுக்குப் பயம். ராஜாராமின் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்று வருஷம் அந்தக் கண்கள் எங்கும் நிற்கவில்லை. 2007இல், பாட்டின் நடுவில், அவளைத் தாண்டி ஓர் இடத்தில் நின்றன. ராஜாராமின் குரல் ஒரு கணம் தடுமாறிப் பிறகு தொடர்ந்தது.

யாரென்று ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. திரும்பினால் ஓடிவிடுவானோ என்று பயந்தாள். இரண்டு கையாலும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல் நின்றாள்.

பாட்டு முடிந்ததும் திரும்பினாள். மைதானத்தில் நாற்காலி போடும் ஆட்கள் மட்டும்தான்.

ராஜாராம் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "ஸ்பீக்கர் பொட்டியாண்ட ஒரு ஆளு நின்னுகினு இருந்தாம்மா. நீ சொன்ன மாரியே சட்டையெல்லாம் பெயின்டு. நீதான் திரும்பவே இல்லியே, போய்ட்டான்."

"முழுசா கேட்டானா?"

"கடைசி வரி வரைக்கும் கேட்டான்."