யூஸ்டஸின் நாலாவது வால்வு
சுனாமியாகக் கடல் வந்த அன்று, டச்பார் கரையோரத்தில் இருந்த யூஸ்டஸின் வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு டவுனுக்குப் போயிருந்ததால் அவரும் மனைவி ஐறிசும் தப்பினார்கள். இசைத்தட்டுக் கேட்க அவர் கையால் கட்டிய, கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் அம்ப்ளிபயர் டவுனில், அவருடைய தச்சுப் பட்டறையில் இருந்ததால் அதுவும் தப்பியது. முப்பது வருடமாக வீட்டு அலுமாரியில் சேர்த்துவைத்த மாற்று வால்வுகள் கடலோடு போயின.

அம்ப்ளிபயரில் கிடந்த நாலு வால்வும் வருடத்துக்கு வருடம் தளர்ந்துகொண்டே வந்தன. இசைத்தட்டில் வயலின் உச்சிக்கு ஏறும்போதெல்லாம் பலகையில் ஆணி கீறுவதுபோல ஒரு கரகரப்பு. கொழும்பில் வாங்கிய புது வால்வுகளை மாட்டிய அன்று, டவுனில் எடுத்த வாடகை வீட்டின் குசினியிலிருந்தே ஐறிஸ் சொல்லிவிட்டாள்:

“தகரப் பேணிக்குள்ள வாசிக்கிற மாதிரி இருக்கு. கழட்டுங்க.”

எந்த வால்வு நல்லது என்பதை அந்த வீட்டில் அவள் காதுதான் தீர்மானிக்கும்.

மெல்பேர்னில் இருந்த தம்பி றோகான் பழைய வால்வுகள் பலவற்றை அளந்து பார்த்து, ஒன்றுக்கொன்று பொருந்தும் நாலைப் பொறுக்கி அனுப்பினான். இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம், தபால் கந்தோரில் பொதியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்தவரை ஆமியின் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். கண்ணாடிக் குழாய், உள்ளே கம்பி. வெடிகுண்டுச் சாமானாம்.

“ஐயா, இது பாட்டுக் கேக்கிற சாமான்!”

யார் கேட்டார்கள்? பொதியைப் பறித்துவைத்துக்கொண்டு பதினொரு நாள் அலையவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் அதிகாரி பெட்டியை மேசையில் வைத்து, எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக எழுதியிருந்த தாளை நீட்டினார். யூஸ்டஸ் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாலாவதின் உச்சியில் வெள்ளிபோல மினுங்க வேண்டிய இடம் வெளிறிப் பால்போலக் கிடந்தது. கண்ணாடியில் மயிரிழை வெடிப்பு. வெளிக்காற்று உள்ளே புகுந்துவிட்டது.

“இது செத்துட்டு.”

“நாலும் ஒரே மாதிரித்தானே இருக்கு? சைன் பண்ணுங்க.”

வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அந்த நாட்களில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். யூஸ்டசுக்கு அது தெரியும். ஆனாலும் கடல் கொண்டுபோனதை எவரிடம் போய்க் கேட்பது? இதைக் கேட்க ஆள் முன்னால் இருக்கிறதே! ‘மூன்று நல்லது. ஒன்றை நீங்கள் உடைத்தீர்கள்’ என்று அந்தத் தாளில் எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டார்.

மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் விட்டார்கள்.

“உங்களுக்கென்ன பைத்தியமா? ஒரு குப்பிக்காகவா?” என்று ஐறிஸ் அழுதாள்.

“குப்பிக்காக இல்ல. அவங்க உடைச்சதை நல்லா இருக்கெண்டு நான் எழுதிக் குடுக்கணுமாம்!”

வந்த மூன்றோடு, நாலாவது இடத்தில் பழைய நாலையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். ஐறிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பழையதில் மூன்றாவதுக்குத் தலையசைத்தாள். “இதுதான். இப்பதான் வயலின் வயலினா இருக்கு.”

வைகாசியில் சண்டை முடிந்ததென்று தெருவில் வெடி கொளுத்தினார்கள். மறுநாள் காலையே யூஸ்டஸ் செத்த வால்வோடு சாவடியில் நின்றார். புதிதாக வந்திருந்த அதிகாரி சிரித்தார்.

“சண்டை முடிஞ்சதுதானே, ஐயா. எல்லாத்தையும் மறங்க.”

“முடிஞ்சது உங்கட சண்டை. உடைச்சம் எண்டு ஒரு துண்டுக் கடதாசி எழுதித் தாங்க.”

தரவில்லை. மாதாமாதம் போய்க் கேட்டார். சாவடியையே கழற்றிக்கொண்டு போன பிறகு, மேலிடத்துக்கு மனு அனுப்பத் தொடங்கினார். அவர் கோபத்தோடு சொல்லச் சொல்ல, ஒரு சொல்லையும் தணிக்காமல் எழுதிக் கொடுத்தவள், அன்று பைத்தியமா என்று அழுத ஐறிஸ்தான்.