ஐந்தாவது பெயர்

மழைக்காலத்தில் சிவப்பு மை சீக்கிரம் காயாது. பக்கத்தைத் திருப்புவதற்கு முன் உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும். ஊதும்போது மையின் கசப்பு வாடை மூக்கில் ஏறும். பதினைந்து வயதில், பாடசாலை அதிபரின் அறைக்குப் பக்கத்திலிருந்த சிறிய களஞ்சிய அறையில், தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, மூன்று பின்னேரங்கள் நான் அப்படி ஊதி ஊதி ஒரு புத்தகத்தை எழுதி முடித்தேன். அது எங்கள் வகுப்பின் வரவு இடாப்பு. வந்தவர்களுக்கு நீல மையில் ஒரு சாய்கோடு, வராதவர்களுக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு சின்னக் கடைத்தெரு. அங்கே அப்பாவுக்குத் துணிக்கடை இருந்தது. தேயிலைச் சரிவின் மேலே இருந்த பாடசாலையில் என்னோடு படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து வந்தவர்கள். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதாலும், அச்சடித்ததுபோல் எழுதுவேன் என்பதாலும் என்னைத்தான் வகுப்பு "மொனிட்டர்" ஆக்கியிருந்தார்கள். என் பக்கத்து வாங்கில் உட்காருபவள் தங்கேஸ்வரி. அவளுடைய அம்மா பாக்கியம் கொழுந்து பறிப்பவர். அந்த வருடத் தொடக்கத்தில் மலையில் குளவி கொட்டி, பாக்கியம் டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தங்கேஸ்வரி மூன்று கிழமை, பதினைந்து பாடசாலை நாட்கள், வரவில்லை. மற்றபடி அவள் மழையென்றும் பனியென்றும் பாராமல் வருகிறவள்.

பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்ற வேண்டுமென்றால் நூற்றுக்கு எண்பது வரவு இருக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. ஒழுங்காக வராத பிள்ளைகளை வரவழைப்பதற்காகத்தான் அதைப் போட்டிருப்பார்கள். எங்கள் பாடசாலையில் அதற்கு வேறொரு உபயோகம் கண்டுபிடிக்கப்பட்டது. முந்தைய வருடப் பெறுபேறு மோசமாக இருந்ததால் அதிபர் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பரீட்சை எழுதுபவர்களின் தொகை குறைந்தால் சித்தியடைந்தவர்களின் வீதம் கூடும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

வகுப்பாசிரியர் என்னைக் களஞ்சிய அறைக்குக் கூப்பிட்டுத் தம்முடைய ஊற்றுப்பேனையைக் கையில் கொடுத்தார். அந்தப் பேனையை அவர் யாரையும் தொடவிட்டதில்லை.

"பழைய இடாப்புப் பக்கமெல்லாம் கழண்டு போச்சு. புதுசுல பார்த்து எழுதணும்" என்றவர், குரலைத் தாழ்த்தி ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். "இதுல நாலு பேர் இருக்கு. இவங்களுக்கு எண்பது வரக்கூடாது. எழுதினாலும் பெயில்தான், பிள்ள. அடுத்த வருஷம் தனியா, வெளியிலிருந்து எழுதிக்கட்டும்."

எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று இத்தனை வருடங்களில் பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்; பலிக்கவில்லை.

"வேற யாராவது கணக்குல தேறாதவங்க இருக்காங்களா? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார்.

இரண்டு நாட்களுக்கு முன், தமிழ் டீச்சர் தங்கேஸ்வரியின் கட்டுரையை வகுப்பில் உரக்க வாசித்திருந்தார். மலையில் குளவி கலைந்த நாளைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். வாசித்து முடிக்கும்வரை ஒரு வாங்குகூட அசையவில்லை. பிறகு டீச்சர் அதை என்னிடம் கொடுத்து, "சுவர்ப் பத்திரிகைக்கு உன்னோட அழகான எழுத்துல எழுதிப் போடு" என்றார். அதுவரை அந்தச் சுவரில் என்னுடையதைத் தவிர வேறு யாருடைய கட்டுரையும் வந்ததில்லை. அன்றிரவு சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

"தங்கேஸ்வரி, சேர்" என்றேன்.

அவர் துண்டுக் கடதாசியில் ஐந்தாவதாக அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். அவள் கணக்கில் மட்டம் என்பது உண்மைதான். அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று பின்னேரமும் என்னால் எழுத முடிந்தது.

அவளுக்கு உண்மையாக வராத நாட்கள் போதவில்லை. இன்னும் பத்தொன்பது வட்டங்கள் தேவைப்பட்டன. ஒரே மாதத்தில் குவிந்தால் கண்ணில் குத்தும் என்று, யாரும் சொல்லித் தராமலே, அவற்றைத் திங்களில் ஒன்று, வியாழனில் ஒன்று என்று பரப்பிப் போட்டேன். ஒரு வட்டத்தைப் போடும்போது அந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு என் சப்பாத்து வார் அறுந்து, தங்கேஸ்வரி தன் சடை ரிபனை அவிழ்த்துக் கட்டிவிட்டாள். ஒற்றைச் சடை கலைந்த கோலத்தோடு வீடுவரை நடந்தாள். நினைவு வந்தது; கை நிற்கவில்லை. மையை ஊதிவிட்டு அடுத்த நாளுக்குப் போனேன்.

விண்ணப்பப் பட்டியலில் தன் பெயர் இல்லை என்றதும் தங்கேஸ்வரி அழுதுகொண்டு போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அரை நாள் பேரை, அதாவது கூலியை, விட்டுவிட்டு, கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கு இடுப்பில் இருந்தபடியே பாக்கியம் வந்திருந்தார். அதிபர் என்னையும் அழைத்தார்.

"மூணு கெழமதானுங்க சேர் வரல. அதுவும் நா ஆஸ்பத்திரில கெடந்தப்ப. மத்த நாளெல்லாம் காலையில ரொட்டி சுட்டுக் குடுத்து நாந்தான் அனுப்புனேன்" என்றார் பாக்கியம்.

அதிபர் இடாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பாக்கியத்துக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் சிவப்பு வட்டங்களை எண்ணத் தெரியும். கொழுந்துக் கறை படிந்த விரலால் மாதம் மாதமாகத் தொட்டு எண்ணினார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். கடைக்கார முதலாளியின் மகள் என்பதால் என்னிடம் அவர் மரியாதையாகத்தான் பேசுவார்.

"நீங்க சொல்லுங்க பாப்பா. பக்கத்துலதானே ஒக்காந்திருக்கீங்க. எம்புள்ள வந்துச்சா, இல்லியா?"

தங்கேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் அப்போதுகூடச் சந்தேகம் இல்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்ற ஆறுதல்தான் இருந்தது.

"இடாப்புல இருக்கிறது சரிதான்" என்றேன்.

பாக்கியம் மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். "அப்ப நீ எங்கடி போன?"

அந்தக் கேள்வி இப்படித் திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதிபரும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் மேசையிலிருந்த எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். "பள்ளிக்கொடந்தான்மா வந்தேன், சத்தியமா" என்று தங்கேஸ்வரி சொல்லச் சொல்ல, பாக்கியம் அவளை மேலே பேசவிடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். வெளியிலிருந்து எழுதலாம் என்று அதிபர் சொன்னது அவர்கள் காதில் விழுந்திருக்காது. இரண்டு மாதத்துக்குள் தங்கேஸ்வரியைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். "ஊரு சுத்துற புள்ளைய வூட்ல வெச்சிக்க முடியாது" என்று பாக்கியம் சொன்னதாகக் கடைக்கு வந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பரீட்சையின் முதல் நாள், மண்டப மேற்பார்வையாளர் விதிகளை வாசித்தார். அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் மேசையில் இருக்க வேண்டும், குறிப்புகள் வைத்திருக்கக் கூடாது, அடுத்தவர் விடையைப் பார்க்கக் கூடாது, காட்டவும் கூடாது. ஒவ்வொன்றாகக் காது கொடுத்துக் கேட்டேன். நான் செய்தது அவற்றில் எதிலும் வரவில்லை. மேசைகளில் ஒட்டியிருந்த பரீட்சைச் சுட்டெண்கள் ஒன்றுகூட விடுபடாமல் வரிசையாக ஓடின; ஐந்து பேர் இல்லை என்று அந்த வரிசையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான் நல்ல பெறுபேறு எடுத்தேன். பாடசாலை முகப்பில் என் பெயரை எழுதி வைத்தார்கள்.

இப்போது நானும் ஆசிரியை. அந்தப் பழைய கட்டடத்தை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். களஞ்சிய அறை இல்லை. அதிலிருந்த இடாப்புகளைக் கறையான் தின்றது போக மிச்சத்தை எரித்துவிட்டார்களாம். விண்ணப்பங்கள் இணையத்தில் போகின்றன. அதிபரும் வகுப்பாசிரியரும் காலமாகிவிட்டார்கள். இந்தக் கதையில் என்னைக் குற்றம் சொல்ல ஒரு தாள்கூட மிஞ்சவில்லை.

சென்ற முறை ஹட்டனில் ஒரு பரீட்சை நிலையத்துக்கு பரீட்சை எழுதுவோரைக் கண்காணிக்கும் நோக்குநராகப் போயிருந்தேன். காலைப் பாடத்தின் நடுவில் மாற்று ஆள் வந்ததும் வெளியே வந்தபோது, வாசற் படலையருகில் சாப்பாட்டுப் பார்சலோடு நின்ற ஒரு பெண், "டீச்சர், என்னையத் தெரியுதுங்களா?" என்றாள். தெரிந்தது. அவளுடைய மகள் உள்ளே எழுதிக்கொண்டிருந்தாள்.

மதில் ஓரமாக அவளை அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். களஞ்சிய அறை, பத்தொன்பது வட்டங்கள், துண்டுக் கடதாசி, நான் சொன்ன ஐந்தாவது பெயர், சுவர்ப் பத்திரிகை. அவள் பார்சலைக் கைமாற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இடாப்புல இருந்தது உங்க எழுத்துன்னு அன்னைக்கே தெரியும்" என்றாள் கடைசியில். "பேரச் சொன்னதும் நீங்கன்னு தெரியாது."

"அம்மாகிட்ட நானே வந்து சொல்றேன், தங்கேஸ். இன்னைக்கே வர்றேன்."

"அம்மா இல்லீங்களே. தை மாசம் போயிருச்சு."

ரோட்டைப் பார்த்தபடியே அவள் மேலும் சொன்னாள்: "கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. 'சும்மா சொல்லுடி, அந்த நாளெல்லாம் எங்க போன? இனிமே நா என்ன அடிக்கவா போறேன்'னு. ஒரு நாளு, மனசு கேக்காம, படம் பாக்கப் போனேன்மான்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறந்தான் அது சிரிச்சிச்சு."

உள்ளே மணி அடித்தது. அவள் மகளைத் தேடிப் படலைப் பக்கம் நடந்தாள்.